பாடகருக்கு அரசு ஏன் நினைவு இல்லம் கட்டியது? குருஷெவோவும் தோஷே ப்ரோயெஸ்கியும்

2017 ஆகஸ்ட் 8 அன்று ரியல் மாட்ரிட்டும் மான்செஸ்டர் யுனைடெட்டும் யூஃபா சூப்பர் கோப்பைக்காக மோதிய ஆட்டம் கால்பந்து ரசிகர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஆட்டம் நடந்தது மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயில். அரங்கத்துக்கு அன்றிருந்த பெயர் இரண்டாம் பிலிப் அரங்கம். அதே அரங்கம் 2019 முதல் தோஷே ப்ரோயெஸ்கியின் பெயரில் இருக்கிறது. மாவீரன் அலெக்சாண்டரின் தந்தை பெயரை எடுத்துவிட்டு, 26 வயதில் விபத்தில் இறந்துபோன ஒரு பாப் பாடகரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாடகருக்கு குருஷெவோ என்ற மலை ஊரில் அரசே கட்டிய நினைவு இல்லமும் இருக்கிறது. பால்கன் பகுதிக்குச் சுற்றுலா போகிறவர்கள் இப்போது அந்த ஊரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் போய்ப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு ஒரு குழப்பம் வரும். சட்டைகளும் விருதுகளும் புகைப்படங்களும் வைத்த ஒரு கட்டடத்துக்கு முன்னால் பெரியவர்கள் ஏன் கண்கலங்கி நிற்கிறார்கள்? ஒரு நாட்டின் விடுதலைச் சின்னம் நிற்கும் அதே குன்றில் ஒரு பாடகருக்கு எப்படி இடம் கிடைத்தது?

இரண்டுக்கும் பதில் பாட்டில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி மாசிடோனியாவின் அரசியலில் இருக்கிறது.

யார் இந்த தோஷே

தோதோர் ப்ரோயெஸ்கி 1981 ஜனவரி 25 அன்று பிரிலெப் நகரில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்திலுள்ள குருஷெவோவில். தோஷே என்பது எல்லோரும் கூப்பிட்ட பெயர். குடும்பம் வ்லாக் சமூகத்தைச் சேர்ந்தது. வ்லாக்குகள், அதாவது அரோமேனியர்கள், பால்கன் மலைகளில் சிதறி வாழும் சிறுபான்மையினர். இவர்களின் தாய்மொழி ருமேனிய மொழிக்கு நெருக்கமானது, சுற்றியுள்ள ஸ்லாவிய மொழிகளோடு சேராதது. குருஷெவோ நகராட்சியில் இந்த மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி உண்டு. பன்னிரண்டு வயதில் ஸ்கோப்யேயின் புகழ்பெற்ற குழந்தைகள் பாட்டு விழாவில் தோஷே பாடியதும் வ்லாக் மொழியில்தான்.

பிறகு ஸ்கோப்யேயின் இசைக் கல்லூரியில் முறையாகக் குரல் பயின்றார். 1999-இல் முதல் ஆல்பம் வந்தது. பாப் பாட்டுதான், ஆனால் குரல் ஒப்பேரா பயிற்சி பெற்ற குரல். மெல்லிய இடத்தில் கிசுகிசுத்துவிட்டு, அடுத்த வரியில் மேல் ஸ்தாயிக்குச் சிரமமே இல்லாமல் ஏறிவிடுவார். 2006-இல் அவர் வெளியிட்ட நாட்டுப்புறப் பாடல் ஆல்பத்தில் இந்தத் திறமை முழுதாகத் தெரியும். 14 மாசிடோனியப் பாடல்கள், பெரிய வாத்தியக் குழுவோடு. பாட்டிமார் முணுமுணுத்த பாடல்களை இருபது வயதுப் பிள்ளைகள் காரில் சத்தமாகப் போட்டுக் கேட்டார்கள். அவரது பாப் பாடல்கள் தேயத் தொடங்கினாலும் இந்த ஆல்பம் நிற்கும் என்பது என் கணிப்பு.

2003-இல் அன்னை தெரசா பெயரிலான மனிதநேய விருது அவருக்குக் கிடைத்தது. 2004-இல் யூனிசெப் நல்லெண்ணத் தூதரானார். நிதி திரட்டும் கச்சேரிகளை அவர் புகழ் வந்த பிறகு ஒப்புக்குச் செய்யவில்லை, தொடர்ந்து செய்தார். கடைசியாக அவர் ஸ்கோப்யேயில் பாடிய பெரிய கச்சேரி 2007 அக்டோபர் 5 அன்று நகர அரங்கத்தில் நடந்தது. அதுவும் ஆரம்பப் பள்ளிகளுக்கு உதவுவதற்காகத்தான்.

ஒரே பாட்டு, இரண்டு மொழி

மாசிடோனியாவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 20 லட்சம். அந்தச் சின்னச் சந்தையை வைத்து ஒரு பாடகர் பெரிய ஆளாக முடியாது. தோஷே எப்படி ஆனார் என்பதைப் புரிந்துகொள்ள யூகோஸ்லாவியா உடைந்த கதையைக் கொஞ்சம் தொட வேண்டும்.

1. யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தபோது இசைச் சந்தையும் ஒன்றாக இருந்தது. போஸ்னியாவின் சரயேவோவில் ஒரு குழு பாட்டுப் போட்டால் செர்பியாவின் பெல்கிரேடிலும் குரோவேஷியாவின் ஜாக்ரெபிலும் ஓடும்.

2. 1991-இல் நாடு உடைந்தது. குரோவேஷியாவிலும் போஸ்னியாவிலும் 1995 வரை போர். அதோடு சந்தையும் துண்டானது. செர்பியப் பாடகர் குரோவேஷியாவில் மேடையேறுவதும், குரோவேஷியப் பாடகர் செர்பியாவுக்கு வருவதும் பல ஆண்டுகளுக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக இருந்தது.

3. மாசிடோனியா 1991 செப்டம்பர் 8 அன்று பொது வாக்கெடுப்பு நடத்தி, போர் இல்லாமல் பிரிந்து வந்த நாடு. செர்பியர்களுக்கும் குரோவேஷியர்களுக்கும் நடந்த சண்டையில் அது எந்தப் பக்கமும் இல்லை. ஆகவே மாசிடோனியப் பாடகர் இரண்டு பக்கமும் போகலாம்.

4. தோஷே இதை முழுதாகப் பயன்படுத்தினார். தன் முக்கியமான ஆல்பங்களை மாசிடோனிய மொழியில் ஒரு பதிப்பு, செர்பிய-குரோவேஷிய மொழியில் ஒரு பதிப்பு என இரட்டையாகப் பதிவு செய்தார். மெட்டு ஒன்று, பாடுகிறவர் ஒருவர், வரிகள் மட்டும் வேறு.

விளைவு என்னவென்றால், 2003-இல் பெல்கிரேடில் நடந்த பாட்டுப் போட்டியிலேயே அவர் முதலிடம் பிடித்தார். ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு செர்பியா-மாண்டினீக்ரோ சார்பில் போயிருக்க வேண்டியவர்! அந்த ஆண்டு அந்த நாட்டுக்கு யூரோவிஷனில் இடம் கிடைக்காமல் போனது. மறு ஆண்டு சொந்த நாட்டுக்காக இஸ்தான்புல் மேடையில் பாடினார். யூரோவிஷனில் அரையிறுதிச் சுற்று அறிமுகமான முதல் ஆண்டு அது. அதைத் தாண்டி இறுதிக்கு வந்து 14-ஆம் இடம் பெற்றார். அன்று திரையில் அவர் நாட்டின் பெயர் 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்றுதான் வந்தது. அந்த நீளமான பெயருக்கான காரணத்தைக் கீழே பார்க்கலாம்.

2007 அக்டோபர் 16

நகர அரங்கக் கச்சேரி முடிந்து பதினொரு நாள். ஜாக்ரெப் நோக்கிப் போய்க்கொண்டிருந்த கார், குரோவேஷியாவின் நோவா கிராடிஷ்கா அருகே நெடுஞ்சாலையில் விடியற்காலையில் விபத்துக்குள்ளானது. முன் இருக்கையில் இருந்த தோஷே அங்கேயே இறந்தார். காரில் இருந்த மற்ற இருவர் உயிர் தப்பினார்கள்.

மாசிடோனிய அரசு தேசிய துக்கம் அறிவித்தது. தேசிய துக்கம் என்பது வெறும் இரங்கல் செய்தி அல்ல. கொடி அரைக்கம்பத்தில் பறக்கும், கேளிக்கை நிகழ்ச்சிகள் நிற்கும், வானொலியும் தொலைக்காட்சியும் நிகழ்ச்சி நிரலை மாற்றிக்கொள்ளும். அக்டோபர் 17 அன்று குருஷெவோவில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. மாசிடோனியாவில் மட்டுமல்ல, பெல்கிரேடிலும் ஜாக்ரெபிலும் சரயேவோவிலும் ரசிகர்கள் தெருவில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை ஒருவரோடு ஒருவர் போரில் இருந்த நகரங்கள் அவை. மூன்றும் ஒரே நாளில் ஒரே ஆளுக்காக அழுததைக் கவனிக்காமல் நினைவு இல்லத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

நினைவு இல்லம் என்றால் என்ன

பால்கன் நாடுகளில் நினைவு இல்லம் என்பது தனி வகை. அருங்காட்சியகம் பொருள்களைச் சேர்க்கும், வரிசைப்படுத்தும், ஆய்வு செய்யும். நினைவு இல்லம் ஒரு மனிதரைச் சுற்றி மட்டும் கட்டப்படும். வருகிறவர்கள் படிக்க வருவதைவிட வணங்கவோ, நன்றி சொல்லவோ வருவதே அதிகம்.

இதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, அந்த மனிதர் உண்மையில் வாழ்ந்த வீட்டை அப்படியே காப்பது. இன்னொன்று, புதிதாக ஒரு கட்டடம் எழுப்பி, அதற்குள் அவருடைய பொருள்களைக் கொண்டுவந்து வைப்பது. ஸ்கோப்யேயில் இரண்டாவது விதத்துக்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. கொல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த அன்னை தெரசா பிறந்தது ஸ்கோப்யேயில்தான், 1910-இல். அவர் பிறந்த வீடு இப்போது இல்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற தேவாலயம் இருந்த இடத்தில் புதிதாக ஒரு நினைவு இல்லம் கட்டி 2009 ஜனவரியில் திறந்தார்கள்.

தோஷேயின் நினைவு இல்லமும் அதே வகை. 2011 ஏப்ரல் 25 அன்று திறக்கப்பட்டது. பழைய குடும்ப வீட்டை மாற்றவில்லை. குமெஞே என்ற குன்றில் கண்ணாடியும் வெளிச்சமுமாக ஒரு நவீனக் கட்டடம் எழுப்பினார்கள். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். உள்ளே அவர் உடுத்திய உடைகள், வாங்கிய விருதுகள், சின்ன வயதுப் பொருள்கள், படங்கள், அவரது மெழுகு உருவம். பின்னணியில் அவர் குரலே ஒலித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கடைசி அம்சம் சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் இந்த இடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஓவியருக்கு அருங்காட்சியகம் வைத்தால் ஓவியத்தை மாட்டலாம். எழுத்தாளருக்கு வைத்தால் கையெழுத்துப் பிரதியைக் காட்டலாம். பாடகர் விட்டுப் போனது காற்றில் கரையும் ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மேலங்கி அவர் பாடியபோது போட்டிருந்தது என்பதைப் பலகை சொல்லும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது காதில் அவர் குரல் விழுந்தால்தான் அது வெறும் துணி இல்லை என்று தோன்றும். இங்கே பொருள்கள் பாட்டுக்குத் துணையாக இருக்கின்றன, பாட்டு பொருள்களுக்குத் துணையாக இல்லை. பாடகருக்கான நினைவிடம் எங்கே கட்டினாலும் இதைக் கவனிக்க வேண்டும் என்பேன்.

குருஷெவோ சாதாரண ஊர் அல்ல

அவர் வளர்ந்த ஊர் என்பதால் அங்கே கட்டினார்கள் என்று சொன்னால் அது சரியான பதில்தான், ஆனால் அரைகுறைப் பதில்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கும் குருஷெவோ மாசிடோனியாவிலேயே உயரமான நகரம். ஐந்தாயிரம் பேர் அளவில் வாழும் சிற்றூர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அல்பேனியப் பகுதியிலிருந்த மோஸ்கோபோலே என்ற செழிப்பான வணிக நகரம் சூறையாடப்பட்டபோது, அங்கிருந்து ஓடிவந்த வ்லாக் குடும்பங்கள் பல இங்கே குடியேறின. ஊர் வளர்ந்ததும் அவர்களால்தான்.

1903 ஆகஸ்ட் 2, தீர்க்கதரிசி எலியாவின் திருநாள். அன்று ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அந்தத் திருநாளின் பெயராலேயே அதை இலிண்டென் கிளர்ச்சி என்கிறார்கள். கிளர்ச்சியாளர்கள் குருஷெவோவைப் பிடித்து ஒரு குடியரசை அறிவித்தார்கள். பள்ளி ஆசிரியரான நிக்கோலா காரெவ் தலைவரானார். ஊரின் பல்வேறு சமூகங்களுக்கும் இடம் தந்து 60 பேர் கொண்ட சபை அமைந்தது. பத்தே நாள். ஒட்டோமான் படை பீரங்கியோடு வந்து ஊரைக் கொளுத்தியது. மெச்கின் காமென் என்ற இடத்தில் பின்வாங்க மறுத்து நின்று செத்தவர் பிட்டு குலி, வ்லாக் சமூகத்தவர். இன்றைய மாசிடோனிய தேசிய கீதம் பெயர் சொல்லி அழைக்கும் வீரர்களில் அவரும் ஒருவர்.

இந்தப் பத்து நாளுக்கான நினைவுச் சின்னம்தான் மக்கெடோனியம். 1974 ஆகஸ்ட் 2 அன்று திறந்தார்கள். யோர்டான் கிராபுலோஸ்கி, இஸ்க்ரா கிராபுலோஸ்கா இருவரின் வடிவமைப்பு. குன்றின் மேல் வெள்ளைக் காங்கிரீட் உருண்டை. அதிலிருந்து எல்லாப் பக்கமும் புடைத்து நீளும் சன்னல்கள். உள்ளே போனால் போர்கோ லாசெஸ்கியின் வண்ணக் கண்ணாடிகள் வழியே வெளிச்சம் சிவப்பும் நீலமுமாகத் தரையில் விழும். நிக்கோலா காரெவின் எச்சங்களும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கின்றன. தோஷேயின் நினைவு இல்லம் இதே குமெஞே குன்றில், நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

அதாவது நாட்டின் பிறப்புக் கதையைச் சொல்லும் குன்றிலேயே பாடகருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாமே வழக்கில் இருக்கும் நாடு

மாசிடோனியா தன்னுடையது என்று சொல்லும் ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஒரு அண்டை நாடு மறுப்புச் சொல்லி வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால்தான் தோஷேயின் இடம் விளங்கும்.

1. பெயர். மாசிடோனியா என்பது தங்கள் நாட்டின் வடபகுதியின் பெயர், பண்டைய கிரேக்க மரபு என்பது கிரீஸின் வாதம். அதனால்தான் 1993-இல் ஐநாவில் சேர்ந்தபோது அந்த நீளமான தற்காலிகப் பெயர். 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட் மாநாட்டில் நேட்டோ அழைப்பு கிடைக்காமல் போனதும் கிரீஸின் எதிர்ப்பால்தான். 2018 ஜூனில் கிரீஸோடு பிரெஸ்பா ஒப்பந்தம், 2019 பிப்ரவரியில் வடக்கு மாசிடோனியா என்ற பெயர், 2020 மார்ச்சில் நேட்டோ உறுப்பினர் தகுதி.

2. மொழி. மாசிடோனியாவைத் தனி நாடாக 1992 ஜனவரியில் அங்கீகரித்தது பல்கேரியா. ஆனால் மாசிடோனிய மொழி தனி மொழி அல்ல, பல்கேரிய மொழியின் ஒரு வடிவம் என்பது அந்நாட்டின் நிலை. 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையை அது தடுத்து நிறுத்தியதன் பின்னால் இதுவும் ஒரு காரணம்.

3. தேவாலயம். மாசிடோனிய ஆர்த்தடாக்ஸ் சபை 1967-இல் தனித்தியங்குவதாக அறிவித்தது. செர்பியச் சபை அதை 2022 வரை ஏற்கவில்லை.

4. வீரர்கள். இலிண்டென் கிளர்ச்சியையும் அதன் தலைவர்களையும் பல்கேரிய வரலாற்றாசிரியர்கள் தங்கள் வரலாறாகவே எழுதுகிறார்கள். மக்கெடோனியத்தில் நிற்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. அந்தச் சின்னம் போற்றும் நிகழ்வு யாருடையது என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

அன்னை தெரசாகூட இதிலிருந்து தப்பவில்லை. பிறந்தது ஸ்கோப்யே என்பதால் மாசிடோனியர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள், குடும்பம் அல்பேனியக் குடும்பம் என்பதால் அல்பேனியர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள்.

இந்தப் பட்டியலில் தோஷேயின் பெயரை எங்கே வைப்பீர்கள்? வைக்க முடியாது. அவர் நம் காலத்து மனிதர், ஆகவே ஆவணம் பார்த்துச் சண்டை போட எதுவுமில்லை. சிறுபான்மைச் சமூகத்திலிருந்து வந்து மாசிடோனிய மொழியில் பாடியவர். செர்பியர்களும் குரோவேஷியர்களும் தங்கள் மொழியிலேயே கேட்டு ரசித்தவர். அவரைப் பிடித்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள், ஆனால் அவர் எந்த நாட்டுக்காரர் என்று யாரும் வழக்குப் போடவில்லை. பூமிப் பத்திரம் எல்லாமே தாவாவில் கிடக்கும் குடும்பத்துக்கு வில்லங்கமே இல்லாத ஒரு துண்டு நிலம் கிடைத்தால் அதை எப்படிப் போற்றுவார்களோ, மாசிடோனியா தோஷேயை அப்படிப் போற்றுகிறது. அவரது பாட்டின் தரத்தை இது குறைத்துக் காட்டவில்லை. நல்ல பாடகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் அரசு குன்றின் மேல் இல்லம் கட்டுவதில்லை.

2011: ஒரே ஆண்டில் இரண்டு முடிவுகள்

இந்த வாதத்துக்கு நல்ல சான்று அதே ஆண்டில் இருக்கிறது.

2010-இல் அன்றைய அரசு 'ஸ்கோப்யே 2014' என்ற பெரிய கட்டுமானத் திட்டத்தை அறிவித்தது. தலைநகரின் நடுவே சிலைகள், தூண்கள், பழங்கால முகப்புகள். அதன் உச்சமாக, 2011 ஜூனில் முக்கியச் சதுக்கத்தில் குதிரை மேல் வாளேந்திய பிரமாண்ட வீரனை நிறுத்தினார்கள். அதிகாரப்பூர்வப் பெயர் 'குதிரை மீது வீரன்'. அது அலெக்சாண்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். கிரீஸ் கொதித்தது. உள்நாட்டிலும் இவ்வளவு செலவு எதற்கு என்று கேள்வி எழுந்தது.

அந்தச் சிலைக்கு இரண்டு மாதம் முன்புதான் குருஷெவோவில் தோஷே நினைவு இல்லம் திறந்திருந்தது. அதே அரசு. இரண்டுமே, நாங்கள் யார் என்று உலகத்துக்குச் சொல்லும் முயற்சி. ஒன்று 2,300 ஆண்டு பின்னால் போய் ஒரு பேரரசனைத் தேடியது. மற்றொன்று நான்கு ஆண்டுக்கு முன் இறந்த ஊர்ப் பையனைக் கொண்டாடியது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். பிரெஸ்பா ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவு, பண்டைய கிரேக்க வரலாற்றைக் குறிக்கும் சின்னங்களையும் பொதுக் கட்டடங்களையும் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அலெக்சாண்டர் பெயரிலிருந்த விமான நிலையம் ஒப்பந்தத்துக்குக் கொஞ்சம் முன்பே பெயர் மாறிவிட்டது. சதுக்கத்துச் சிலைக்கு, அது பண்டைய கிரேக்க வரலாற்றைச் சேர்ந்தது என்று விளக்கப் பலகை வைக்க நேர்ந்தது. இரண்டாம் பிலிப் அரங்கத்துக்குப் புதுப் பெயர் வேண்டியிருந்தது. யார் பெயரை வைத்தால் எந்த நாடும் கடிதம் எழுதாது, உள்ளூரிலும் எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்? 2019 ஏப்ரலில் வந்த விடை தோஷே ப்ரோயெஸ்கி. அவர் கடைசிப் பெரிய கச்சேரியைப் பாடியதும் இதே அரங்கத்தில்தான்.

சிலுவை வடிவம் பற்றி

நினைவு இல்லத்தின் மீது விமர்சனமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனக்குப் படுவது இரண்டு.

முதலாவது, அந்தச் சிலுவை வடிவம். தோஷே ஆழ்ந்த பக்தி உள்ளவர், தன் இரண்டாவது ஆல்பத்துக்கே இயேசுவைக் குறிக்கும் தலைப்பை வைத்தவர். அவருடைய நம்பிக்கையைக் கட்டடத்தில் காட்டியதில் தனிமனிதர் என்ற அளவில் தவறில்லை. ஆனால் இது அரசுக் கட்டடம். மாசிடோனியாவில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் முஸ்லிம்கள். 2001-இல் அல்பேனிய ஆயுதக் குழுவுக்கும் அரசுப் படைக்கும் மோதல் நடந்து, ஓஹ்ரிட் ஒப்பந்தத்தால் அடங்கிய நாடு. 1903-இல் இதே ஊரில் அறிவித்த குடியரசு, முஸ்லிம் அண்டை வீட்டாரைப் பார்த்து 'இது உங்களுக்கு எதிரான போர் அல்ல' என்று சொன்னதாகத்தான் மாசிடோனியர்கள் பள்ளியில் படிக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒருவருக்கு ஒரு சமயத்தின் வடிவில் வீடு கட்டியது, அவர் அணைத்துக்கொண்ட வட்டத்தைச் சற்றே சுருக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, பாட்டு எப்படி உருவானது என்பதை இவ்வகை இல்லங்கள் போதிய அளவு சொல்வதில்லை. உடையும் விருதும் ரசிகருக்குப் போதும். அவரைக் கேட்டே இராத பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் போதாது. இரட்டை மொழிப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்க வைத்தால், நாட்டுப்புறப் பாடலின் பழைய வடிவத்தையும் அவர் பாடிய வடிவத்தையும் ஒப்பிட்டுக் காட்டினால், அழுவதற்கு வந்தவர் கேட்பதற்கும் உட்காருவார். அவர் இறந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இப்போது வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இனி வரப்போகிறவர்களில் அவரை நேரில் பார்த்தவர்கள் குறைந்துகொண்டேதான் போவார்கள்.

ஊருக்கு என்ன கிடைத்தது

இதை நீட்டத் தேவையில்லை. குருஷெவோவுக்கு முன்பே குளிர்காலச் சறுக்கு விளையாட்டும், பாராகிளைடிங் பறப்பவர்களும் உண்டு. மக்கெடோனியத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருவார்கள். நினைவு இல்லம் வந்த பிறகு செர்பியா, குரோவேஷியா, போஸ்னியா, ஸ்லோவேனியாவிலிருந்து ரசிகர்கள் வருவதும் சேர்ந்தது. விடுதலைச் சின்னத்துக்கு உள்நாட்டார் வருகிறார்கள், பாடகரின் இல்லத்துக்கு வெளிநாட்டாரும் வருகிறார்கள்.

போகிறவர்களுக்கு

ஸ்கோப்யேயிலிருந்து குருஷெவோ சுமார் 160 கிலோமீட்டர். வெலெஸ், பிரிலெப் வழியாகப் போக வேண்டும். பிரிலெப்புக்குப் பிறகு மலைப்பாதை. குளிர்காலத்தில் பனி கொட்டும், அதற்கேற்ற உடுப்பு வேண்டும்.

கூட்டம் சேரும் நாள்கள் மூன்று: ஆகஸ்ட் 2 இலிண்டென் நாள், ஜனவரி 25 தோஷேயின் பிறந்தநாள், அக்டோபர் 16 நினைவு நாள். காட்சிப் பொருள்களை நிதானமாகப் பார்க்க விரும்பினால் இந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது. மக்கள் அவரை எப்படி நினைக்கிறார்கள் என்று பார்க்க விரும்பினால் அக்டோபர் 16 அன்றுதான் போக வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் மெச்கின் காமென் போய், பாறையைத் தலைக்கு மேல் தூக்கி எறியும் கிளர்ச்சியாளரின் சிலையைப் பாருங்கள். டிமோ தோதோரோவ்ஸ்கி செய்தது. அப்புறம் மக்கெடோனியம். அதன் பிறகு நினைவு இல்லத்துக்கு நடந்து போங்கள். கிளம்புவதற்கு முன் 2006 நாட்டுப்புற ஆல்பத்தை இரண்டு முறையாவது கேட்டுவிடுங்கள், உள்ளே ஒலிப்பது எது என்று பிடிபடும். நேரம் இருந்தால் ஊருக்குள் ஓவியர் நிக்கோலா மார்த்தினோஸ்கியின் படங்கள் வைத்த கூடமும் இருக்கிறது, அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். கிளம்பும்போது கடைத்தெருவில் குருஷெவோ 'லோக்கும்' கிடைக்கும், மாவுச்சர்க்கரை தூவிய மெத்தென்ற மிட்டாய். ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.